ஒரு பிடி உளுந்து

உளுந்து உருண்டை, அரிசி நீளம். இதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமா என்று கேட்பீர்கள். சேலை மடிப்புக்குள் நாலு சுற்றுத் துணிக்கு உள்ளே இருக்கும்போது, விடிந்தும் விடியாத நேரத்தில் தொட்டுச் சொல்லிப் பாருங்கள். கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் எனக்குத் தெரிந்துவிடும்.

வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்ட நேரத்தில், எங்கள் ரப்பர் தோட்டத்து லயங்களை, வரிசை வீடுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, சுற்றி முள்வேலி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்தார்கள். வெள்ளைக்காரனோடு சண்டை போட்டுக் காட்டுக்குள் ஒளிந்திருக்கிறவர்களுக்கு ஒரு பிடி தானியம்கூடப் போகக் கூடாது என்று சட்டம். ரப்பர் பால் எடுக்கக் கித்தா மரம் வெட்டப் போகும் ஆண்களைக் காவல்காரர்கள் சோதிப்பார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டும் அல்லவா? தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணி என்னைக் காட்டினார். “நீலாவதிதான் சரி. அவ வாய்க்கு லயமே பயப்படும்” என்றார். அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் என்னைக் கேட்டுக்காரி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், முன்னால் வந்து சொல்ல எவளுக்கும் தைரியம் இல்லை.

அந்த வேலையை நான் ஏனோதானோ என்று செய்யவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. வேலி வருவதற்கு முந்தின வருஷம், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் முருகையா அண்ணனைக் காட்டுக்காரர்கள் மேட்டுக்காட்டில் ஒரு கித்தா மரத்தில் கட்டி வைத்துச் சுட்டார்கள். பட்டாளத்துக்கு வழி காட்டினாராம். அவர் எங்கள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்ட மனுஷன். அவர் பெண்சாதி ராக்கம்மா அக்கா அன்றைக்கு மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு கத்தியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சுட்ட அந்தக் கைகளுக்குச் சோறு போகக் கூடாது என்றால் சரிதான் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்கள் லயத்து மங்கம்மாவைப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். இடது இடுப்பில், சேலைச் செருகலுக்குள் அரிசி.

“மத்தியானச் சோத்துக்கு” என்றாள்.

“பச்சை அரிசிய மரத்தடியில வச்சு என்னாக்கா பண்ணுவ? கொறிப்பியா?” என்று கேட்டேன்.

அவள் தம்பி ராமசாமி கொஞ்ச காலமாகத் தோட்டத்தில் இல்லை. கெமாசில் ரயில் வேலைக்குப் போய்விட்டான் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். கெமாசில் இல்லை, காட்டில் இருக்கிறான் என்று லயம் சொல்லிக்கொண்டிருந்தது. மாத்தா மாத்தா, அதான் போலீஸ், வந்து அழைத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாள் உள்ளே இருந்துவிட்டு, இளைத்துக் கறுத்துத் திரும்பி வந்தாள். அதன் பிறகு தினமும் என் முன்னால் வந்து கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள், ஆனால் முகத்தை மட்டும் வேலிப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் என் புருஷன் தங்கராஜு விழுந்தார்.

மழை பெய்து ஓய்ந்த சரிவு. தோளில் காண்டாக் கம்பு, அதன் இரண்டு பக்கமும் பால் வாளி. கால் வழுக்கியதும் மனுஷன் வாளிகளை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. பால் கொட்டிவிடுமே என்று பிடித்துக்கொண்டே விழுந்ததில் வலது தோள் மூட்டு கழன்று முன்பக்கம் வந்துவிட்டது. தோட்டத்து டிரஸ்ஸர் கணேசமூர்த்தி பார்த்தவுடன் லாரியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே மயக்கம் கொடுத்து இழுத்துச் சரியாகத்தான் வைத்தார்கள். கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் போட்டு, அசைக்கவே கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இந்த மகாராஜா என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக்கு வந்த அதே வாரம், நான் கேட்டில் இருந்த நேரத்தில், தூளியை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டுக் குழாயடிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறார்.

“நீ வந்து தண்ணி தூக்கணுமேன்னு பாத்தேன் நீலா.”

“ஆமா, இப்ப உங்களையும் சேர்த்துத் தூக்குறேன்ல, சந்தோஷமா?”

மறுபடி மூட்டு இறங்கியிருந்தது. இரண்டாவது தடவை போனபோது, இனி கோலாலம்பூருக்குப் போய் அறுத்துத்தான் வைக்க வேண்டும், அதற்கும் காத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகும் தோளுக்கு மேலே கை போகுமா என்று சொல்ல முடியாது என்றார்கள். உயரத்தில் வெட்டுகிற மரத்துக்குக் கை தலைக்கு மேலே போகாமல் எப்படி? கிராணி எங்கள் வீட்டுப் பக்கம் வந்து, துரை வேலைப் பட்டியலிலிருந்து பேர் வெட்டுவதற்குள் ஏதாவது பாருங்கள் என்று நல்லவிதமாகத்தான் சொன்னார். பேர் வெட்டினால் வீடும் போய்விடும். அதைவிட எனக்குத் தாங்காமல் போனது வேறு. சோற்றை இடது கையால் அள்ளி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் சிந்தும். சிந்தியதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மெதுவாகத் துடைப்பார். எப்போதும் ஏதாவது கேலி பேசுகிற மனுஷன், வாசலில் உட்கார்ந்து கித்தா மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூட்டு ஏற்றுகிறவர் யாராவது இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கத்தான் செய்வார் என்று எனக்குத் தெரியும். அறுக்காமல், கையாலேயே தடவி இழுத்து வைக்கிற ஆட்கள். ஒவ்வொருவராகக் கேட்டேன். குழாயடியில் கேட்டேன். பால் ஸ்டோரில் கேட்டேன்.

“தெரியலலா நீலா.”

“அதெல்லாம் முன்னாடி ஒரு சீனர் இருந்தாரு. அவங்கள எல்லாம் வேலி போட்ட புதுக் கம்பத்து ஊருக்கு ஏத்திட்டுப் போயிட்டாங்கல்ல.”

“சாமிக்கு நேந்துக்க. மாரியாத்தா பாத்துக்குவா.”

ஒருத்திகூட என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. கேட்டுவிட்டு நகர்ந்தால், பின்னால் பேச்சு தொடர்வது காதில் விழும். திரும்பினால் நின்றுவிடும்.

செல்லம் எதிர்வீட்டுக்காரி. என்னோடு கொஞ்சம் சிரித்துப் பேசுகிற ஒரே ஆள். போன மாசம் அவளுக்கு மணிக்கட்டு பிசகி, கெட்டியாகப் பத்துப் போட்டுக்கொண்டு திரிந்தது எனக்கு நினைவு வந்தது. அவள் கேட்டுக்குள் திரும்பி வந்த அன்று நான் நின்றுகொண்டிருந்தேன். கையிலிருந்து உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் காய்ந்த வாசனை வந்தது. யார் கட்டினது என்று கேட்டதற்கு, நானே கட்டிக்கிட்டேன் என்றாள். அப்போது நான் மேற்கொண்டு கேட்கவில்லை. இப்போது நேராகப் போய்க் கேட்டேன்.

“செல்லம், நெசத்தச் சொல்லு. யாருடி கட்டுனது?”

“நாந்தான்க்கா.”

“ஒத்தக் கையால உன் மணிக்கட்ட நீயே இழுத்துவச்சுக் கட்டிக்கிட்டியா? என்னை என்ன, கிறுக்கச்சின்னு நெனச்சியா?”

அவள் அடுப்பில் எதுவும் இல்லாமலேயே அடுப்பைக் கிளறினாள். அவள் வாயிலிருந்து ஒன்றும் வராது என்று தெரிந்தது. திரும்பி வரும் வழியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது, நடு லயத்தில் அப்படியே நின்றுவிட்டேன். உளுந்து! பத்துப் போட உளுந்து வேண்டும். வெளியில் கடையில் வாங்க முடியாது, ரேஷன் அட்டை பதிந்த தோட்டத்துக் கடையைத் தவிர எங்கேயும் ஒரு மணி தானியம் விற்க மாட்டார்கள். அப்படியென்றால் உளுந்து இங்கிருந்து, என் கேட்டு வழியாகப் போயிருக்கிறது. அடிபட்ட கையைப் பழந்துணியால் தடிமனாகச் சுற்றிக்கொண்டு வருவாளுகள். ஐயோ பாவம், வலிக்குமே என்று நான் அந்தக் கட்டை மட்டும் அழுத்த மாட்டேன். அதற்குள்தான் உளுந்து! என் இரக்கத்திலேயே ஓட்டை போட்டு வழி வைத்திருக்கிறாளுகள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

“இப்ப எதுக்குக் கோவம்?” என்றார் அவர். “ஏமாத்துனாங்கன்னா, சொல்லலைன்னா?”

“ரெண்டுக்குந்தான். என்னை என்ன மாத்தா மாத்தான்னு நெனச்சாளுங்களா?”

“பின்ன நீ யாரு?” என்றார். சிரிக்காமல்தான் கேட்டார். “அந்த ஆளு பேர உங்கிட்ட சொன்னா, நாளைக்கு நீ கேட்டுல காவல் நிக்கிற கோப்ரல்கிட்ட சொல்லுவ. உளுந்து கொண்டுபோன அத்தன பேரும் உள்ள போவாங்க. வைத்தியம் பண்ற ஆளும் போவாங்க. எம் மூட்டுக்காக யாரு நீலா ஜெயிலுக்குப் போவா?”

நான் சொல்ல மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மங்கம்மா நினைவு வந்தது.

இரண்டு நாள் அதையே யோசித்தேன். கெஞ்சினாலும் நம்ப மாட்டார்கள், சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். அவர்கள் செய்த குற்றத்தை நானும் செய்தால்தான் நம்புவார்கள். அதுவும் அவர்கள் கண் முன்னால் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லுக்குட் டவுனுக்குச் சாமான் வாங்கப் போகும் லாரிக்கு எல்லாரும் கேட்டில் வரிசை நிற்போம். அன்றைக்கு எனக்கு வேலை இல்லை. ஆனாலும் எனக்குப் பதிலாக நிற்கும் போர்மேன் வீட்டுக்காரி மற்றவர்களைச் சோதித்து முடித்த பிறகு, சோதிக்கிறவர்கள் ஒருத்தியை ஒருத்தி சோதிக்கக் கூடாது என்பதால், என்னைச் சோதிக்க வரிசையிலிருந்து ஒருத்தியைக் கோப்ரல் கூப்பிடுவார். அது ஒரு சடங்கு. எப்போதும் பக்கத்தில் நிற்கும் செல்லம்தான் வருவாள். ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, “அக்கா, தொப்பை போட்டிருச்சு” என்று கேலி செய்துவிட்டுப் போவாள். இந்தத் தடவை அவள் கையில் உளுந்து தட்டுப்படட்டும். பிறகு அவளே சொல்லுவாள்.

சனிக்கிழமை சாயங்காலம் டப்பாவில் இருந்ததிலிருந்து ஒரு பிடி உளுந்தை எடுத்துத் துணியில் சுற்றினேன். எங்கே போகப் போகிறோம் என்று தெரியாமலே அவரைக் கிளம்பச் சொன்னேன்.

“யாருகிட்டப் போறோம்?”

“தெரியாது. வாங்க.”

“பேஷ். வைத்தியரே தெரியாம வைத்தியத்துக்குப் போறது நம்மதான்” என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த கேலி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மறுநாள் காலை வரிசையில் செல்லம் எனக்கு முன்னால்தான் நின்றாள். எல்லாரையும் பார்த்து முடித்தார்கள். கோப்ரல் என்னைக் காட்டி, வரிசைப் பக்கம் கண்ணை ஓட்டினார். செல்லம் அடி எடுத்து வைத்தாள். அவர் தலையை ஆட்டினார். செல்லத்தோடு நான் சிரிப்பதை என்றைக்கோ கவனித்திருக்கிறார் போல. கடைசியில் நின்ற மங்கம்மாவைக் கைகாட்டி வரச் சொன்னார்.

பொய் சொல்வானேன், ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஓடினால் சுடுவார்கள். ஓடாவிட்டால், மூட்டுக்காக வந்தவர் வெறுங்கையோடு நிற்க, நான் ஜெயிலுக்குப் போவேன். யார் அவருக்குச் சோறு பிசைந்து கொடுப்பது என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது.

மங்கம்மா வந்து என் முன்னால் நின்றாள். நான் கையைத் தூக்கினேன். அவள் கை என் தோளில் தொடங்கியது, முதுகுக்குப் போனது. நான் தடவுகிற மாதிரியே தடவினாள், ஓர் இடம் விடவில்லை. தினமும் என்னிடம் நின்று நின்று கற்றுக்கொண்டிருக்கிறாள். இடது இடுப்புக்கு வந்தது. அங்கேதான் நின்றது. கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினாள். அன்றைக்குத்தான் ரொம்ப காலத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால், கையைத் தூளியில் போட்டுக்கொண்டு நிற்கும் என் புருஷனைப் பார்த்தாள்.

“ஏதாவது இருக்கா?” என்று கோப்ரல் மலாயில் கேட்டார்.

“ஒண்ணும் இல்ல, துவான்.”

சேலை மடிப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தாள். “ஜபருல்லா துணிக்கடைக்குப் பின்னால பச்சைக் கதவு. ரம்ஜான் பீவின்னு கேளு” என்று முணுமுணுத்தாள். அவ்வளவுதான். போய் லாரியில் ஏறி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

ஜபருல்லா துணிக்கடை! தீபாவளிக்குத் தீபாவளி அந்தக் கடைப் பெஞ்சியில் உட்கார்ந்து நான் விலை பேசாத துணி இல்லை. அதன் பின்கதவுக்குள் ஒரு வைத்தியக்காரி இருப்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை.

பச்சைக் கதவைத் திறந்தது பருத்த உடம்பும் சின்னக் கைகளும் உள்ள ஓர் அம்மாள். சட்டையைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு என் புருஷன் தோளைத் தடவினார். எங்கே எலும்பு, எங்கே சதை என்று விரல் தேடிப் போவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நானும் தினமும் இப்படித்தான் தேடுகிறேன்.

“நாளாக்கிப்புட்டீங்களே. சதை இறுகிப்போச்சு” என்றார். “வந்துரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். பாக்குறேன்.”

சுடவைத்த நல்லெண்ணெயை ஊற்றி நீவினார். ரொம்ப நேரம் நீவினார். நீவும்போதே என் புருஷனிடம் மூட்டு இறங்கின கதையைப் பற்றி, தோட்டத்தைப் பற்றி, பால் விலையைப் பற்றி, மழையைப் பற்றி ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். “சரி, உம்ம பொஞ்சாதி நல்லாச் சமைப்பாளா?” என்று கேட்டார். அவர் வாயைத் திறந்து, “அதையேன் கேக்குறீங்க” என்று ஆரம்பித்த நேரத்தில் அந்தம்மாள் கை எப்படிப் போனது என்றே தெரியவில்லை. இழுத்து, திருப்பி, மேலே தள்ளினார். டொக்கென்று ஒரு சத்தம். அவர் போட்ட அலறலில் கடைக்காரர் ஜபருல்லா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தோள் உருண்டையாக, பழைய தோளாக இருந்தது. அவர் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் ஓடியது, ஆனால் சிரித்தார்.

“உளுந்து கொண்டாந்தியாம்மா?” என்றார் பீவி.

இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீதான் அந்தக் கேட்டுல நிக்கிற புள்ளையா? இந்தப் பாயில உக்காந்து உன்னைத் திட்டாத பொம்பளை இல்லம்மா” என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு முகம் சுட்டது. உளுந்தை அம்மியில் வறட்டு மாவாக அரைத்து, தன் கோழி முட்டையை உடைத்துக் குழைத்து, தோளைச் சுற்றிப் பத்துப் போட்டுத் துணியால் கட்டினார். தானே அவிழும்வரை கையை அசைக்கக் கூடாது, அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிப் பழக வேண்டும், மரம் வெட்டலாம் என்றார்.

“இந்தத் தடவ தண்ணி எடுக்கப் போனா, நானே உம்ம கைய முறிச்சுருவேன்” என்று அவருக்கு ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது நானே பிசைந்து ஊட்டினேன். ஒரு பருக்கை சிந்தவில்லை. பொண்ணு பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். மங்கம்மாவுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா என்றார். நாளைக்குக் கேட்டில் பார்ப்பேனே, அங்கேயே சொல்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை விடியற்காலை. பனி மூட்டத்தில் பெண்கள் வாளியும் உளியுமாக வரிசையில் வந்தார்கள். எல்லாரும் மரம் வெட்டப் போகிறவர்கள், லுக்குட்டுக்கு யாரும் போகிற நாள் இல்லை. ஒவ்வொருத்தியாகப் பார்த்து அனுப்பினேன். செல்லம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். லயம் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது என்று அந்தச் சிரிப்பிலேயே புரிந்தது.

மங்கம்மா வந்து கையைத் தூக்கினாள். இன்றைக்கு முகத்தை வேலிப் பக்கம் திருப்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ‘ரொம்ப நன்றிக்கா, கை கூடிடுச்சு’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் கை அவள் இடது இடுப்புக்குப் போய்விட்டது.

ஒரு பொட்டலம் இருந்தது.

அழுத்தாமல் விட்டிருந்தால், உளுந்தாக இருக்கும் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கலாம். நான் அப்படிப்பட்டவள் இல்லை. அழுத்தினேன். அரிசி.

காட்டுக்குள் ராமசாமி இருக்கிறான், அவன் பசியோடு இருக்கிறான், இவள் அவனுக்கு அக்கா. அவனோடு துப்பாக்கிக்காரர்களும் இருக்கிறார்கள், அவர்களும் இதைத்தான் தின்பார்கள். எல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அவள் கெஞ்சவில்லை, மிரட்டவும் இல்லை. கையைத் தூக்கியபடி நின்றாள். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது.

“ஏதாவது இருக்கா?” என்று கோப்ரல் கேட்டார்.

“ஒண்ணும் இல்ல, துவான்” என்றேன்.

மங்கம்மா வாளியை எடுத்துக்கொண்டு மேட்டுக்காட்டுப் பக்கம் நடந்தாள். அடுத்து வந்து நின்றவள் ராக்கம்மா அக்கா. முருகையா அண்ணன் பெண்சாதி. வாளியைக் கீழே வைத்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் தூக்கினாள்.

“தம்பிக்குக் கை கூடிருச்சாமே நீலா? நல்லபடியா இருக்குல்ல?” என்று கேட்டாள்.

“இருக்குக்கா” என்றேன். அவளைத் தடவிப் பார்க்க என் கை எழும்பவில்லை.